மல்லிகா அக்கா சொன்னதை நான் எழுதவில்லை

என் நண்பன் ரமணனின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்தான். உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவனிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

பேர்லினில் நல்ல பொறியியலாளர் வேலையில் இருந்தவன் அவன். ஓய்வு நேரத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவியைச் செய்தான். ஜெர்மன் கடிதத்தின் மேல் பிடித்தால் தமிழில் வாசித்துச் சொல்லும். அதோடு ரேடியோ, டோர்ச், மருந்து நேரம், பஸ் நேரம், பஞ்சாங்கம் என்று மொத்தம் பத்து வேலை!

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் சில தமிழ் வீடுகளுக்கு அதைப் பாவித்துப் பார்க்கக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போய்க் கருத்துக் கேட்டு எழுதிவருவது என் பொறுப்பு.

போன வீடெல்லாம் தேநீரும் வடையும். "நல்ல சாமான்" என்று ஒரே பாட்டு. நம் சனம் முகத்துக்கு நேரே வேறென்ன சொல்லும்? கருவியோ, உறைகூடப் பிரிக்காமல், கண்ணாடி அலுமாரியில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது! பழுதாகிவிடக் கூடாதாம்.

கிளீனிங் வேலைக்குப் போகும் மல்லிகா அக்கா மட்டும் ஒளிக்காமல் சொன்னார்.

"தம்பி, பத்து வேலை செய்யுது, சரி. எதுக்கெண்டு இதைக் கையிலை எடுக்கிறது? மற்றதெல்லாம் போனிலை கிடக்கு. கடிதம் வாசிக்கிறது மட்டும், ஒரேயொரு பட்டனோடை இருந்தால், நான் கைப்பையிலை கொண்டு திரிவன்."

அதை நான் எழுதவில்லை. ஏன்? மற்ற ஒன்பதையும் அவன் பெற்ற பிள்ளைகளைப்போல நேசித்தான். அவன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை... இல்லை, அதுவும் முழு உண்மையில்லை! நல்ல சேதி கொண்டுபோகிறவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

எல்லோரும் தினமும் பாவிக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவன் மனைவி சுபா வாசலில் வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இவர் இதை நம்பி வேலையை விடப்போறாராம். சரிவருமோ?"

"ஓம்" என்றேன்.

விட்டான். விற்பனைக்கு வைத்த கடைகளில் கருவியைக் கையில் எடுத்தவர்கள், இது என்னத்துக்கு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறான். நாரிப் பிடிப்பு வேறு, இடுப்பை நிமிர்த்த முடிவதில்லை. சுபா என்னிடம் எதுவுமே கேட்பதில்லை.

போன ஞாயிறு போயிருந்தேன். மேசை முழுக்க வயர்கள்.

"பிழை என்ரைதான் மச்சான். பத்து வேலை காணாது. இன்னும் ரெண்டைச் சேர்த்தால் சனம் வாங்கும். என்ன சொல்லுறாய்?"

அக்கா சொன்னது தொண்டைவரை வந்தது. எத்தனை மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு...!

"சேர்த்துப் பார் மச்சான்" என்றேன்.