தாத்தாவின் பதினெட்டு ரூபாய் சம்பளம்

ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் வீட்டிலிருந்து காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபத்துக்குப் பத்து நிமிட நடைதான். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து ஊரே அங்கே பெற்றவர்களுக்குத் திதி கொடுக்கிறது. அப்பா மட்டும் தன்னைப் பெற்றவருக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை. வயது எண்பத்து மூன்று. வீம்புக்குக் குறைச்சலே இல்லை.

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு இரண்டு வயது முடியுமுன் அவருடைய அம்மா இறந்துவிட்டார். தாத்தா குழந்தையைத் துறையூரில் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். திரும்பி வரவேயில்லை. போன இடத்தில் இறந்துபோனார் என்பதோடு சரி. அப்பாவை வளர்த்துப் படிக்கவைத்தது அந்தப் பெரியப்பாதான்.

"என்னைக் கைகழுவிட்டுப் போனவருக்கு நான் எதுக்குத் தண்ணி விடணும்?" என்பார் அப்பா.

போன வருஷம் ஆடி அமாவாசையன்று இதே பேச்சு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் போனார்னே தெரியாம இன்னும் எத்தனை வருஷம்ப்பா திட்டுவீங்க?" என்றேன்.

"அப்போ நீயே தேடு. எத்தனை ரூபா சம்பளத்துக்கு என்னை விட்டுட்டுப் போனார்னு பார்த்துச் சொல்லு."

சொல்லிவிட்டார் அல்லவா, விடுவேனா? அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பதக்கம் ஒன்று கிடந்தது. அதன் விளிம்பில் அவருடைய பட்டாள நம்பர் பொறித்திருந்தது. அதை வைத்து அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். வாரிசு என்பதற்குச் சான்று கேட்டார்கள். அதற்காகத் துறையூர் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை. "செத்தவரே வந்து கையெழுத்துப் போடணுமா?" என்று ஒரு கவுண்டரில் கத்தியும்விட்டேன். வெட்கம்தான். ஆனால் அடுத்த வாரமே சான்று கிடைத்தது.

எட்டு மாதம் கழித்து ரிஜிஸ்டர் தபாலில் ஐந்து நகல் தாள்கள் வந்தன. பாதி பட்டாளத்துச் சுருக்கக் குறிகள், ஒன்றும் புரியவில்லை. புத்தூரில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தாரிடம் கொண்டுபோனேன். அவர் விரல் வைத்து வாசித்துவந்தவர் ஒரு வரியில் நின்றார்.

"சேரும்போது பதினெட்டு ரூபா சம்பளம்மா. அதுல பதினஞ்சு மாசாமாசம் வீட்டுக்கு. முதல் மாசத்துலேர்ந்தே எழுதிக் கொடுத்திருக்கார். வாங்குறவர் அண்ணன். எதுக்குன்னு போட்டிருக்கு பாருங்க, மகனோட பராமரிப்புக்கு."

கடைசித் தாளில் இறந்த தேதி. காய்ச்சல், ராணுவ ஆஸ்பத்திரி. யாரோ ஒரு குமாஸ்தா எங்கோ உட்கார்ந்து இதையெல்லாம் குண்டு குண்டாக எழுதிவைத்திருக்கிறார். அவர் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அன்று மாலையே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"அப்போ மிச்சம் மூணு ரூபாயிலயா இருந்தார்?" என்றார்.

"உங்க பெரியப்பா ஏம்ப்பா இதை உங்ககிட்ட சொல்லலை?" என்று சற்றுச் சூடாகவே கேட்டேன்.

"அவரைச் சொல்லாதே. எத்தனையோ தடவை 'உங்கப்பன்'னு ஆரம்பிப்பார். நான் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எழுந்திரிச்சுடுவேன். பிள்ளை பட்டினி கிடக்குதேன்னு பேச்சை விட்டுடுவார். அந்தக் காசு நின்னப்புறமும் அவர்தானே என்னை காலேஜ் வரைக்கும் படிக்கவச்சார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஆளாக்கியிருக்காங்க. எனக்குத்தான் தெரியலை."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நன்றி சொல்ல எதிரே ஆள் இல்லாதது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது.

இறந்த தேதியைக் கொண்டு, சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் பஞ்சாங்கத்தில் திதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஐப்பசியில் வந்தது. அன்று விடிந்ததும் அப்பாவைக் கைத்தாங்கலாக அம்மா மண்டபத்துக்கு அழைத்துப்போனேன். காவிரியில் தண்ணீர் படி ஏறி ஓடியது. இலையில் பிண்டம் வைத்தாயிற்று. பெரியப்பாவுக்கும் ஒன்று வைக்கச் சொன்னார் அப்பா.

"தகப்பனாரை மனசுல நினைச்சு, வாய்விட்டுக் கூப்பிடுங்கோ" என்றார் வாத்தியார்.

அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வாத்தியார் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார், நல்ல மனிதர். அப்பா வளர்ந்த வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். நினைவு தெரிந்த நாளாய் அந்த வார்த்தையை யாரையும் பார்த்து அவர் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பா, சாப்பிட வாங்க."