கஜபதி தட்டிப் பார்த்த சுவர்

"உள்ள காலிங்க" என்கிறார் கஜபதி, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு. விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டியபடியே ஒரு சாண் நகர்கிறார். "ஆங், இங்க கால் நிக்குது." மூங்கில் தட்டிமேல் மண்ணும் சுண்ணாம்பும் பூசிய தடுப்புச் சுவருக்குள் மரக்கால் எங்கே நிற்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பார்.

திருத்தணியில் நிலைக்கண்ணாடி, கடிகாரம், அலமாரி எது மாட்டுவதானாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். செங்கல் சுவரானால் தேக்குக் கட்டை அறைந்து திருகாணி. தட்டிச் சுவரானால் மரக்காலில் நீளத் திருகாணி. கால் அகப்படாவிட்டால் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் பலகை கொடுத்து போல்ட்டு. மாட்டியதும் அதைப் பிடித்துக் காலை மடக்கி அவரே தொங்குவார். மீசை நரைத்த மனிதர் வௌவால் மாதிரி தொங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். "நானே தொங்கிட்டேன். இன்னும் இன்னாங்க வேணும்?" பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுத் துளசிங்கம் கூப்பிட்டார். மனைவி காஞ்சனாவின் சீர்ப் பாத்திரங்களுக்கு ஒரு சுவர் அலமாரி. எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. வீட்டு வேலையெல்லாம் அன்றைக்குத்தான். கஜபதியும் அன்றைக்கே வந்தார், தட்டினார், மரக்காலில் முடுக்கினார், தொங்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தடுப்புக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடத் தொடங்கியது. தறிச் சத்தம் இருந்தால்தான் அந்த வீட்டுக் கைக்குழந்தை தூங்கும். காஞ்சனா வழக்கம்போல அதைச் சுவரோரம் பாயில் கிடத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தடாலென்ற சத்தம் கேட்டு நான் ஓடினேன். அலமாரி ஒரு பக்கம் பெயர்ந்து சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பித்தளைக் குடம் குழந்தையின் தலைக்கு நாலு விரல் தள்ளி, தரையில் குழி விழ இறங்கியிருந்தது. குழந்தை அழவில்லை, விழித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஓடிவந்த காஞ்சனா அதை வாரியெடுத்து, "அழுடா கண்ணு, அழுடா" என்று உலுக்கினாள். அப்புறம்தான் வீறிட்டது.

கஜபதியை இழுத்து வந்தார்கள். "இன்னா நைனா இது? புள்ள போயிருக்குமே!" என்றார் துளசிங்கம். கஜபதி தறியை ஓட்டச் சொல்லிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. முகம் செத்துப்போயிற்று.

"நேத்து செவுரு சும்மா இருந்துச்சிப்பா. இது ஆடிகினு கீற செவுரு. தறி நிக்கற நாள்ல வந்து தட்டிப் பார்த்துட்டுப் போனேனே. எனக்குத் தோணவேயில்லியே."

அன்றே சுவரைத் துளைத்தார். தறிப் பக்கம் தடித்த பலகை கொடுத்து நாலு போல்ட்டுகளை முடுக்கினார். பாத்திரங்களைத் தன் கையாலேயே அடுக்கினார். காஞ்சனா குழந்தையோடு தெருவிலேயே நின்றாள். "அந்த ரூமுக்குள்ள இனிமே கால வெக்கமாட்டேன்" என்றாள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

கஜபதி அவளைப் பார்த்தார். "துளசிங்கம், தறிய ஓட்டு" என்றார். பாயை உதறிப் போட்டு, குழந்தையின் தலை இருந்த இடத்தில் தன் தலையை வைத்து, அலமாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்து தறி நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.