சமாதானம் சொல்லாத கை

தேநீரில் ஏலக்காய் மணக்கும்போதெல்லாம், வண்டன்மேட்டில் இன்று ரிசார்ட் நிற்கும் இடத்திலிருந்த அம்மா வேலை பார்த்த எஸ்டேட்டின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரும், காயை ஒளித்திருக்கிறாளா என்று தினமும் அத்தனை பேர் முன்னால் அம்மாவின் மடியை உதறவைத்த சூப்பர்வைசரும்தான் ஞாபகம் வரும். அவன் கை அழுகட்டும் என்றே நான் ஜெபித்தேன்.

அந்தச் சோதனை நடக்கும் சாயங்காலம் நெருங்கினாலே அம்மாவுக்குப் பயம் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் அருகில் நிற்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில், பின்வரிசையில் நின்ற அவனிடமே திரும்பிக் கைகூப்பினாள். அவன் தலைகுனிந்தான்.

"அவனுக்குப் போயாம்மா?"

"பாரத்த ஆண்டவர்ட்ட எறக்கி வச்சிட்டேம்ல. இனி எனக்கு என்ன பயம்?"

மறுநாள் ஸ்டோர் வாசலில், அவன் கேட்குமுன்பே, ஒரு பூசைப் பாட்டை முணுமுணுத்தபடி மடியை உதறினாள்.

நான் எதையும் இறக்கி வைக்கவில்லை. இன்றும் பூசையில் சமாதானம் சொல்லும்போது, பின்வரிசைப் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.