கீழே மட்டும் பூஜ்யம் வரக் கூடாது

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் பின்னம். எந்த எண் கண்ணில் பட்டாலும் மனுஷன் சும்மா விடமாட்டார். முழு எண்ணின் அடியில் இன்னொரு முழு எண்ணைப் போட்டு எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். வீட்டுக் கதவு எண் ஏழா? அடியில் ஒன்றைப் போடு, முடிந்தது. "மேலே பூஜ்யம் இருக்கலாம், கீழே மட்டும் வரவே கூடாது!" என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவார்.

மனைவிக்குக் காய்ச்சல் நூற்றியொன்று புள்ளி நாலு அடித்தபோதுகூட, "ஆயிரத்துப் பதினாலுக்குக் கீழே பத்து! இதுவும் விகிதமுறு எண்தான்!" என்று தெர்மாமீட்டரை ஆட்டிக்கொண்டு குதித்தார். ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்க மட்டும் தோன்றவில்லை.

காய்ச்சல் விட்டதும் அந்தம்மா மலைபோல் குவிந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இந்த வீட்டுல நான் செய்யற வேலைய மேலே போடறேன். நீங்க செய்யறதக் கீழே போடறேன். இது விகிதமுறு எண்ணா?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் எத்தனையோ புளுகியிருக்கிறார். கணக்கில் மட்டும் புளுக வராது.

"இல்ல," என்று முனகினார்.

"அப்போ வந்து ஒரு டம்ளரையாவது கழுவுங்க. எண்ணாவது ஆகட்டும்."