நனைத்த துணியில் ஒரு சீர்

தக்காளிப் பாத்திக்குள் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராயக்கோட்டையை அடுத்த ஒரு தோட்டத்தில், தொட்டியோரம் குந்தியபடி சூப்பர்வைசர் அக்கா ஒரு சிவப்புத் துணியை அலசிக்கொண்டிருந்தார். அலச அலச அது சாயத்தைக் கக்கிக்கொண்டே இருந்தது. மடை திருப்ப வந்த அவர் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நின்றுவிட்டார். "காய்க்கு இப்பவே சாயம் அடிக்கிறியா? நாளைக்குப் பழுத்துடுச்சுன்னு மார்க்கெட்டுக்கு ஏத்திடலாமா?" என்றார். அக்கா தலையைத் தூக்காமல், அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது என்று புரிந்தது.

ஓசூரில் ஒரு தையல் கம்பெனியில் நான் மெஷினில் உட்கார்ந்த காலத்தில் அவர் எங்கள் வரிசைக்கு சூப்பர்வைசர். தினமும் ராயக்கோட்டையிலிருந்து ரயிலில் வருவார். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவர் இல்லை, ஆனால் குரல் மட்டும் பெரிய குரல். அத்தனை மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் அவர் "ஏ பாப்பா!" என்று கூப்பிட்டால், அந்த வரிசையில் இருக்கும் எல்லாப் பாப்பாக்களும் திரும்பிப் பார்ப்போம். திட்டுவார். திட்டிய வாயாலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, "தின்னுட்டு அழு" என்பார். தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்த நான், போச்சம்பள்ளி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவரை விரும்பிக் கட்டிக்கொண்டபோது, என் வீட்டில் கதவை அடைத்துவிட்டார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பேசாமலே தெரிந்துகொண்டது அந்த அக்கா மட்டும்தான்.

நான் உண்டானதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: தலைப்பிரசவம் யார் வீட்டில்? வளைகாப்புக்குச் சீர் கொண்டுவந்து, பெண்ணைக் கையோடு அழைத்துப்போக ஒரு தாய்வீடு வேண்டுமே. மாமியார் நேரில் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்கும்போது, அவர் பேச்சை மாற்றுவதைப் பார்ப்பேன். இதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா என்னிடம் யோசனை எதுவும் கேட்கவில்லை. "சீரு நான் கொண்டாறேன். புள்ள எங்க தோட்டத்துல பொறக்கட்டும். உனக்குன்னு ஒரு வீடு இல்லன்னு எவ சொன்னா?" என்றார். அன்று இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைப்பது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்காகத்தான் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாகக் கடையில் புதுப் பருத்தித் துணி எடுத்தார். எடுத்ததும் நான் கத்தரிக்கோலைத் தேடினேன். அவர் வாளியைத் தேடினார். நனைக்காத துணியை வெட்டித் தைத்தால் முதல் துவைப்பிலேயே ஒரு சதுரம் சுருங்கிப் பக்கத்துச் சதுரத்தை இழுக்கும், சிவப்பு இறங்கி வெள்ளையை நாசமாக்கும் என்பது தையல் கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அக்கா அளவுக்கு அதில் பிடிவாதம் பிடிப்பவரை நான் பார்த்ததில்லை. கஞ்சி போக ஊறவைத்தார், அலசினார், வெயிலில் காயவைத்தார், மறுபடி ஊறவைத்தார். ஈரச் சிவப்பின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை அழுத்தி எடுத்துப் பார்ப்பார். துண்டில் ரோஸ் நிறம் தெரிந்தால் அதோடு சண்டைக்குப் போவார். "ஒரு சொட்டு எறங்கினாலும் விடமாட்டேன். புள்ள வாயில வெச்சு சப்பும்டி" என்றார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சிவப்பு அடங்கியது.

வளைகாப்பன்று போச்சம்பள்ளியில் என் மாமியார் வீட்டுக்கு அக்கா பட்டுப்புடவையில் வந்தார். கூடவே அவர் வீட்டுக்காரர் தலையில் பழக்கூடை. வளையல், பூ, கலவைச் சோறு, எனக்கு ஒரு புடவை, நடுத்தட்டில் அந்தப் போர்வை. என் கண்ணுக்கு அதைவிட அழகான பொருள் அந்தக் கூடத்தில் இல்லை. மாமியார் அதை எடுத்து விரித்தார். விரல்களால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை.

"ஏம்மா, இது நனச்ச துணியாட்டம் இருக்குதே?"

"ஆமாங்கம்மா, நனச்சுத்தான் தெச்சேன். துணி புதுசுதாங்க. நனைக்கலன்னா சாயம் எறங்கும்."

"புதுசுன்னா கோடியாத்தான இருக்கணும். சீர்ல போயி நனச்சத வெப்பாங்களா?"

தண்ணீர் படாத கோடித்துணிதான் சீர். மஞ்சள் தொட்டு வைப்பதும் அதில்தான். நனைத்தது என்றால் யாரோ உடுத்தியது, கழித்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு அதில் இரண்டு பேச்சில்லை. மாமியார் மேல் எனக்கு அன்று வந்த கோபம் பிறகு இல்லை. தன் மருமகளுக்குக் கேட்க ஆளில்லை என்று யாரோ பழசைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு மனசு சுட்டிருக்கிறது. அவர் போர்வையை மடித்து, தட்டில் வைக்காமல், நாற்காலியில் வைத்தார். அத்தனை மெஷின்களையும் குரலால் அடக்கும் அக்கா குனிந்த தலையோடு எல்லோருக்கும் கலவைச் சோறு பரிமாறினார். சாப்பாட்டுக்குப் பிறகு, "பொண்ணக் கூட்டிக்கினு போகட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "பாத்து சொல்லி அனுப்பறேன்" என்றார் மாமியார். அக்கா என் கன்னத்தைத் தடவிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார். நான் அறைக்குள் போய் அழுதேன்.

அந்தச் சீரில் மாமியாரின் தங்கை கொண்டுவந்த பெட்ஷீட்டும் இருந்தது. நல்ல அரக்குச் சிவப்பு, மூலையில் மஞ்சள், மடிப்பு கலையாத கோடி. மறுநாள் மாமியார் அதை ஆசையாக என் கட்டிலில் விரித்தார். சித்திரை வெயில், கரண்ட் வேறு இல்லை. மத்தியானம் வேர்த்துக் கொட்டியபடியே தூங்கிப்போனேன். மோர் கொண்டுவந்த மாமியார், எழுந்து திரும்பிய என்னைப் பார்த்து, "ஐயோ சாமி!" என்று டம்ளரைக் கீழே போட்டார். என் வெளிர்நிற நைட்டியின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு.

ஏழாம் மாதத்தில் அதைப் பார்த்தால் யாருக்கு என்ன யோசிக்கத் தோன்றும்? கணவர் ஷிப்டில் இருந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் என்னை ஏற்றி, மாமியார் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எனக்கு வலி எதுவும் இல்லை. ஆனாலும் குழந்தை போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மா வேண்டும் போல இருந்தது. கண்ணை மூடினால் தோன்றிய முகம் அக்காவுடையது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். நன்றாக இருந்தது. பிறகு ஈரப் பஞ்சால் என் முதுகைத் துடைத்தார், பஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ரத்தம் எங்கம்மா இருக்குது? இது சாயம். பெட்ஷீட் புதுசா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அந்த பெட்ஷீட்டைச் சுருட்டி வாளியில் போட்டார். தண்ணீர் நிறம் மாறுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பீரோ மேல் ஒதுக்கி வைத்திருந்த அக்காவின் போர்வையை எடுத்து, கட்டிலில் விரித்து, என்னைப் படுக்கச் சொன்னார். பிறகு என் போனை எடுத்து என்னிடமே நீட்டி, அக்காவின் நம்பரைப் போடச் சொன்னார். மறுமுனையில் மெஷின் சத்தம் கேட்டது.

"சம்மந்தி, நான்தான் பேசறேன். வெள்ளிக்கிழம நல்ல நாளா இருக்குது. வந்து உங்க பொண்ணக் கூட்டிக்கினு போங்க."

ஸ்பீக்கரில் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு விசும்பல் கேட்டது. அக்கா அழுவதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மகள் ராயக்கோட்டையில்தான் பிறந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். சம்மந்திகள் இருவரும் தக்காளி விலையில் ஆரம்பித்து என் சமையலைக் கிண்டல் செய்வது வரை போனில் பேசித் தீர்க்கிறார்கள். என் அம்மாவும் இரண்டு வருடமாகப் பேசுகிறாள். சென்ற வாரம், "எப்பத்தான்டி வீட்டுக்கு வருவ?" என்று கேட்டாள். யோசிக்காமல், "போன மாசந்தானம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ராயக்கோட்டையை வீடு என்றது எனக்கே உறைத்தது. அம்மா பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தாள்.

பிறகு, "உனக்குச் சீரு கொண்டாந்த அந்தப் பிள்ளைய நான் கேட்டதாச் சொல்லு" என்றாள்.