கீழ்வீட்டுக்காரரின் நோட்டு

நான் ஆடிட்டர் இல்லை. சின்ன வியாபாரிகளுக்கு வரிப் படிவம் நிரப்பி, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதிக் கொடுக்கிறவன். இதைப் பைக்காரம்மாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். "சரிங்க ஆடிட்டர் சார்" என்பார்.

பைக்காரம்மா என்பது என் ஆபீசில் நாங்கள் வைத்த பெயர். இரண்டாவது மாடியில், ஃபிளாட்டின் பின்னறையில் இரண்டு மெஷின் போட்டுக் கேன்வாஸ் பை தைக்கிறார். வயது நாற்பத்தாறு. மனைவி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா, ஏதோ தைச்சுக்கிட்டிருப்பா" என்று சொல்வார் கணவர். கெட்ட மனிதர் இல்லை, கவனம் இல்லாதவர்.

பைக்காரம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. சுத்தம். நாம் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். அந்த வீட்டில் உட்காரவே எனக்குப் பயம்.

எட்டுக் கிளை உள்ள புத்தகக் கடை ஒன்று, மாதம் இரண்டாயிரம் பை கேட்டது. ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் வரிப் பதிவு எண் வேண்டும். விண்ணப்பம் போட்டேன். வீட்டிலேயே தொழில் என்பதால் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. சொந்தக்காரர் கணவர்தான். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல எழுத்து மூலமா அவர் குடுத்த மொத சம்மதம் சார்" என்று சிரித்தார் அம்மா.

அடுத்தது, அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு விலாசத்தைக் காட்டிப் போலி பில் போடும் ஆசாமிகள் பெருகிவிட்டதால் இந்த ஏற்பாடு. நான் தப்புப் பண்ணியது இங்கேதான். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாரும்மா, வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கா வெச்சிருங்க" என்று போனில் சொல்லித் தொலைத்தேன். யாரிடம் என்ன சொல்கிறோம் என்ற விவஸ்தை வேண்டாமா?

மறுநாள் பத்தேமுக்காலுக்குப் போனேன். பின்னறையில் ஒரு சோபா, ஒரு டீப்பாய், ஒரு பூஜாடி. நூல் துண்டு ஒன்றுகூட இல்லை.

"மெஷினெல்லாம் எங்கம்மா?"

"அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன் சார். அத்தான் நேத்து வேன் கொண்டாந்தாரு. ஆபீசர் வர்ற நேரத்துல வீடு அலங்கோலமா இருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

அதிகாரி சின்ன வயதுக்காரர். அன்றைக்கு நாலாவது வீட்டு மாடிப்படி ஏறிய எரிச்சல் முகத்தில் தெரிந்தது. பின்னறையை ஒரு போட்டோ எடுத்தார்.

"மேடம், இந்த வருஷம் நான் பிடிச்ச ஒம்பது போலிக் கம்பெனியும் இப்படித்தான் சோபாவோட இருந்துச்சு."

"சத்தியமா இங்கதான் சார் தைக்கிறேன். மெஷின் அக்கா வீட்ல..."

"அப்ப தொழில் அங்க நடக்குதா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து பயன் இல்லை, கூலிக்குப் பேசுகிற வாய். அதிகாரி பேனாவை எடுத்தார். நிராகரித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் புத்தகக் கடை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

அப்போதுதான் வாசலில் ஒரு கனைப்பு. கீழ்வீட்டுக்காரர், ரிட்டயர்டு என்ஜினியர். மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு வருஷமாக மாநகராட்சிக்கு மனு போடுகிறவர். அம்மாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கீழே அரசாங்க வண்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"வந்துட்டீங்களா சார்! மூணு மனு போட்டேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"என்ன மனு?" என்றார் அதிகாரி.

"இந்தம்மா பண்ற அட்டகாசம் பத்தித்தான்! நான் வாய்க்கு வந்தபடி பேசற ஆளில்ல, பாருங்க." ஒரு நீள நோட்டை நீட்டினார். "காலையில ஒம்பது பத்துக்கு ஆரம்பம். ரெண்டு மெஷின், அதுல ஒண்ணு பெரிசு, உச்சி மண்டையில அடிக்கிற மாதிரி இருக்கும். ஒண்ணரைக்கு நிறுத்தம். ரெண்டேகாலுக்கு மறுபடியும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டையும் தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்க. அதுவும் இருக்கு."

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"தினமும் நடக்குதா சார்?"

"தினமும்! நீங்க என்ன ஆக்‌ஷன் எடுக்கப் போறீங்க?"

"கண்டிப்பா எழுதிக்கிறேன் சார்." நாலு பக்கத்தைப் போட்டோ எடுத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், "மெஷினைத் திருப்பிக் கொண்டாந்து போட்டு, சாயங்காலத்துக்குள்ள போட்டோ அனுப்புங்க மேடம். தயவுசெஞ்சு பெருக்காதீங்க."

நாலாம் நாள் பதிவு எண் வந்தது. சான்றிதழை எடுத்துக்கொண்டு மதியம் போனேன். தண்ணீர் கொடுத்தார்.

"கீழ்வீட்டுக்காரர்கிட்ட போய், அவர் நோட்டாலதான் நம்பர் கெடச்சுதுன்னு உண்மையைச் சொல்லிட்டேன் சார். மனசு கேக்கலை. மெஷினுக்கு அடியில தடியா ரப்பர் மேட்டும் போட்டாச்சு. மனுஷன் நோட்டை மூடி வெச்சுட்டாரு. அப்புறம், இனிமே நோட்டுல எழுத என்ன இருக்குன்னாரு. நிறுத்தாதீங்க சார், எழுதுங்கன்னுட்டு வந்தேன்."

"வம்பை விலைக்கு வாங்குறீங்களேம்மா!"

அம்மா சான்றிதழில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் எப்ப வேலைக்கு உக்கார்றேன், எப்ப எந்திரிக்கிறேன்னு எங்க வீட்ல யாருக்குமே தெரியாது சார். ரெண்டு வருஷமா ஒரு நாள் விடாம கவனிச்சது அவர் ஒருத்தர்தான்."

டம்ளரைக் கீழே வைத்தேன். மணி இரண்டேகால். அதைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு அவர் மெஷினுக்குப் போனார்.