பதினோரு வீடுகள், தண்ணீர் வரவில்லை

நாட்குறிப்பில் அந்தப் பக்கம் தானாகவே திறந்துகொள்கிறது. புரட்டாசி, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. "பதினோரு வீடுகள். தண்ணீர் வரவில்லை." என் கையெழுத்துதான். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரியின் உபரிநீர் வந்து தங்கி மெல்ல வடியும் தாழ்ந்த நிலம் ஒன்று உண்டு. இனி அதில் யாரும் கட்டடம் எழுப்பாதபடி காக்க, முதலில் எல்லையை வரைய வேண்டும். அந்த வேலையில் நான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். கம்பத்தின் நுனியில் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்திக்கொண்டு, போன வெள்ளம் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுப் புள்ளி வைப்பேன். புள்ளிகளை இணைத்தால் கோடு. கோட்டுக்கு உள்ளே விழும் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

"தண்ணியா? இந்தாண்ட வந்ததேயில்ல பாப்பா," என்றார் கடைசி வரிசையின் முதல் வீட்டு அக்கா. கம்பெனிச் சீருடையில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"குடிக்கவே லாரித் தண்ணிக்கு நிக்கிறோம். வெள்ளமாம் வெள்ளம்," என்று உள்ளே கட்டிலிலிருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார். வேலையில் நடந்த விபத்துக்குப் பிறகு அவரால் எழுந்து நடக்க முடியாது.

கட்டிலின் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல். பீரோவுக்கும் அப்படியே. பீரோவில் இடுப்பளவுக்கு ஏறியிருந்த துரு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக நின்றிருந்தது. விளக்கை அணைக்க அக்கா எக்க வேண்டியிருந்தது. சுவிட்சுப் பலகையைத் தலைக்கு மேலே பொருத்தியிருந்தார்கள். பதினோரு வீடுகளிலும் அதே உயரம், அதே பதில்.

நான் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"பட்டா கெடையாது பாப்பா. கோட்டுக்கு உள்ளாற போட்டுட்டா, இந்த ஆள தூக்கிக்கினு நான் எங்க போவேன்? வரலன்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். கோடு பதினோரு வீடுகளையும் விட்டு, பின்புறமாக வளைந்து போனது. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன்.

பயிற்சியின் கடைசி வாரம் மேலாளர் இன்னொரு வேலை தந்தார். ஏரியின் மதகைத் திறக்கும் முன் எச்சரிக்கை அனுப்ப வேண்டிய வீடுகளின் பட்டியல். "மேப்ல கோட்டுக்கு உள்ள இருக்கறத எடுத்துக் குடும்மா, போதும்," என்றார். எடுத்தேன். பதினோரு வீடுகளும் அதில் இல்லை.

உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால், நடக்க முடியாதவரின் கட்டிலுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வரும். மேலாளரின் மேசை வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மாலையில் அக்காவைத் தேடிப் போனேன். "மதகு திறந்தா உங்களுக்குச் சொல்ல மாட்டாங்கக்கா."

"அவுங்க சொல்லாட்டி இன்னா? நீ சொல்லு," என்று தன் எண்ணைக் கொடுத்தார்.

இப்போது திருநின்றவூரில், நான்காவது மாடியில் இருக்கிறேன். வேலையும் வேறு. ஐப்பசி பிறந்ததும் தினமும் காலையில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதுகிறேன். மழை வலுத்து அறை இருண்டால், என் கை தலைக்கு மேலே வெறும் சுவரில் சுவிட்சைத் தேடுகிறது. எங்கள் வீட்டில் அது தோளுயரத்தில்தான் இருக்கிறது.

போன வியாழன், பகல் பன்னிரண்டு ஐந்து. மதகு திறக்கப் போவதாகச் செய்தி வந்ததும் அழைத்தேன்.

"இன்னா பாப்பா, பயந்துக்கினியா? இங்கதான் தண்ணியே வராதே. நீதான எழுதுன?" என்று சிரித்தார் அக்கா. "ஆட்டோக்கு சொல்லிக்கீறேன். மத்த ஊட்டுக்கும் சொல்லிட்டேன்."

"ஆட்டோ வர்றதுக்குள்ள தண்ணி வந்துடப்போவுது. கட்டிலுக்கு இன்னொரு செங்கல் வெய்யி," என்றார் பின்னாலிருந்து அவர் கணவர்.

போனைக் கீழே வைத்தார் போலிருக்கிறது. சிமெண்டுத் தரையில் செங்கல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சத்தத்தோடு இணைப்பு போய்விட்டது.

கட்டிலுக்கு நான்கு கால்.